மறைவில் விளைந்த செம்மது

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். 1937ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவர் ராஜாஜி. அந்த மரபில் வந்த நாம் மதுவைப் புகழ்வது தகாது. புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆயினும் ஒரு பொருளை அருந்தாமலே அதன் வரலாற்றை அறியலாம். யவனர் தம் கப்பல்களில் திராட்சை மதுவைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது அம்மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. குடித்தவர்கள் போய்விட்டனர், வரலாறு நின்றுவிட்டது.

ஈண்டு நான் சொல்லப் புகுவது ஆஸ்திரேலியாவில் பிறந்த 'கிரேஞ்ச்' என்னும் செம்மதுவின் கதை. கனமும் துவர்ப்பும் அடர்ந்த நிறமும் உடையது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் புட்டியில் கிடந்து முதிர வல்லது. ஆனால் நான் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் சுவை அன்று. ஒரு கம்பெனியில் ஏவலாளாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அதே கம்பெனியின் தலைமை மது வினைஞனாக உயர்ந்தான். மேலிடம் "நிறுத்து" என்று எழுதியனுப்பிய பின்னரும் தான் நம்பிய காரியத்தை நிறுத்தாமல் நடத்தினான். உத்தியோக வாழ்க்கையில் உள்ள நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று இக்கதையினுள் இருக்கிறது.

மருத்துவர் வந்த கதை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1811இல் பிறந்தவர் கிறிஸ்டபர் ராசன் பென்போல்டு. பாதிரியார் ஒருவரின் மகன். லண்டனில் மருத்துவம் கற்றவர். 1835இல் மேரி ஹோல்ட் என்னும் பெண்மணியை மணந்தார். 1844ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரும் மனைவியும் சிறு மகள் ஜார்ஜினாவும் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு துறைமுகத்தில் வந்திறங்கினர். அந்தக் குடியேற்றம் தோன்றி அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

நகரிலிருந்து ஐந்து மைல் தொலைவில், லாப்டி மலைத்தொடரின் அடிவாரத்தில் மகில் என்னும் இடத்தில் 500 ஏக்கர் நிலம் வாங்கினர். கல்லால் ஒரு சிறு வீடு கட்டி, பிறந்த நாட்டிலே மேரி வாழ்ந்த இல்லத்தின் நினைவாக அதற்குக் 'கிரேஞ்ச்' என்று பெயரிட்டனர். புலம் பெயர்ந்து வாழும் நம்மவர் காலனி வீட்டு வாசலில் சொந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

மருத்துவர் தம்முடன் திராட்சைக் கொடிக் குச்சிகளையும் கொண்டு வந்து நட்டார். சோகை பிடித்த நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுப்பதற்கே முதலில் மது செய்தார். அக்காலத்து மருத்துவம் அப்படி. மருந்துக்காகத் தொடங்கியது விரைவில் வாணிபம் ஆயிற்று.

இங்கே ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். கம்பெனியின் பெயர்ப் பலகையில் நின்றது மருத்துவரின் பெயர். தோட்டத்தில் நின்றவரோ அவருடைய மனைவி. கணவர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட, கொடிகளையும் கூலியாட்களையும் பீப்பாய்களையும் கவனித்தவர் மேரியே. 1870இல் கணவர் மறைந்த பின் 1884 வரை தொழிலைத் தாமே நடத்தினார். 1895இல் காலமானார். அவருடைய மகளை மணந்த தாமஸ் ஹைலண்டின் வழியினர் 'பென்போல்டு ஹைலண்டு' என்னும் பெயருடன் தொழிலைத் தொடர்ந்தனர். பெரும் நிறுவனங்களின் வரலாற்றில் பெண்மணிகளின் பங்கு சிறிய எழுத்தில் அச்சாவது வழக்கம். இங்கும் நெடுங்காலம் அப்படியே இருந்தது.

நிறமும் துவர்ப்பும்

செம்மது எப்படி உண்டாகிறது என்பதை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலில் உள்ளன. நசுக்கிய பழத்தைத் தோலோடு புளிக்க விட்டால்தான் சாறு சிவக்கும். தேயிலையை வெந்நீரில் எத்தனை நேரம் ஊற வைக்கிறோமோ அத்தனைக்கு வடிநீர் கறுத்துத் துவர்ப்பது போல, தோல் எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்கு மது கனக்கும். நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதே துவர்ப்புத்தான் மதுவைக் கெடாமல் ஆண்டுக்கணக்கில் காக்கும் காவல்களில் ஒன்று.

புளிக்கும்போது சர்க்கரை சாராயமாக மாறுகிறது. கடும் வெப்பமும் எழுகிறது. தென் ஆஸ்திரேலியாவில் திராட்சை அறுவடை நம்முடைய மாசி, பங்குனி மாதங்களில் நிகழும். அப்போது அங்கே கோடையின் சூடு தணிந்திராது. சாறு அதிகம் சூடேறினால் மணம் போய்விடும்; நுண்கிருமிகள் புகுந்து மது கெட்டுப் போகவும் கூடும். இந்தக் கேட்டைத் தடுக்க வழி கண்டவர் கம்பெனியின் இரசாயன நிபுணர் ரே பெக்வித். 1935இல் வேலையில் சேர்ந்தவர். சாற்றின் புளிப்பைக் கருவி கொண்டு அளந்து கட்டுப்படுத்தினால் கிருமி வளராது என்று நிலைநாட்டினார். கம்பெனி அதனைத் தொழில் இரகசியமாக வைத்துக் கொண்டமையால் அவர் பெயர் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் சென்றன. 2012இல் நூறாம் வயதில் மறைந்தார். பின்னால் வருகின்ற கதாநாயகனின் வெற்றிக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் ஒருவர் என்பதை மறக்கலாகாது.

ஏவலாள் சிறுவன்

மாக்ஸ் ஷூபர்ட் 1915இல் பரோசாப் பள்ளத்தாக்கில் பிறந்தார். மத விஷயத்தில் அரசன் தலையிட்டதைப் பொறுக்காமல் பிரஷ்யாவை விட்டு வெளியேறிய ஜெர்மானிய லூதரன் கிறிஸ்தவர்கள் குடியேறிய பகுதி அது. அவர்கள் தங்கள் பாஷையையும் வழிபாட்டையும் சமையலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அத்தகைய எளிய குடும்பத்துப் பிள்ளை ஷூபர்ட். 1931இல், உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில், நுரியூட்பாவில் இருந்த பென்போல்டு மதுச்சாலையில் ஏவலாளாகச் சேர்ந்தார். காகிதங்களைச் சுமந்து செல்வதே வேலை. பின்னர் மகில் தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். பகலில் உத்தியோகம், இரவு வகுப்பில் இரசாயனப் படிப்பு. இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்து மத்தியக் கிழக்கு, கிரீஸ், நியூகினி ஆகிய இடங்களில் பணிபுரிந்து மீண்டார். 1948இல் கம்பெனியின் தலைமை மது வினைஞரானார். அப்போது அவருக்கு வயது 33.

1950இல் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் ஷெர்ரி, போர்ட் எனப்படும் சாராயம் கலந்த இனிப்பு மதுக்களின் செய்முறையை அறிந்து வர வேண்டும் என்பதே கட்டளை. ஆஸ்திரேலியர் அக்காலத்தில் விரும்பி அருந்தியவை அவையே. திரும்பும் வழியில் பிரான்சின் போர்தோ நகருக்கும் சென்றார். அங்கே கிறிஸ்தியான் குரூஸ் என்னும் முதிய மது வணிகர் அவரை வரவேற்றுத் தம் நிலவறையைத் திறந்து காட்டினார். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் முதிர்ந்தும் மணம் மாறாத செம்மதுக்கள் அங்கே இருந்தன. விருந்தாளி அயல் தேசத்தான், நாளை போட்டியாளனாகவும் வரக்கூடியவன் என்று அம்முதியவர் எண்ணவில்லை. கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கதவைத் திறந்தார். ஷூபர்ட்டின் உள்ளத்தில் ஒரு விதை விழுந்தது: நம் நாட்டிலும் இத்தகைய ஒன்றைச் செய்ய முடியாதா?

நகல் அன்று, நடவு

ஊர் திரும்பியவர் போர்தோவின் முறையை அப்படியே பெயர்த்து நடவில்லை. அங்கே முதன்மையான கபர்னே சொவீன்யோன் திராட்சை அந்நாளைய தென் ஆஸ்திரேலியாவில் அரிது. ஆனால் ஷிராஸ் என்னும் இனம் ஏராளம். அதுவும் பிரான்சிலிருந்து வந்த கொடியே; புது மண்ணில் வேரூன்றி, அங்குள்ள வெயிலைப் பழகிக் கொண்டது. ஆகவே ஷிராஸையே எடுத்தார். பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்க்குப் பதில் அமெரிக்க ஓக் மரத்தைப் பயன்படுத்தினார். ஊரை விட்டு வந்தவன் ஊரில் கிடைத்ததே வேண்டும் என்று அழுதால் பட்டினிதான். வந்த இடத்தில் விளைவதைக் கொண்டு தன் சமையலைச் சமைப்பவனே வாழ்கிறான். இது நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிந்த உண்மை.

1951இல் மகில் தோட்டத்துப் பழத்தையும், அடிலெய்டுக்குத் தெற்கே மார்பெட் வேல் என்னும் இடத்துப் பழத்தையும் சேர்த்துச் சோதனையைத் தொடங்கினார். மிதக்கும் தோல்களைப் பலகை கொண்டு சாற்றுக்குள் அமிழ்த்தி வைத்தார். சாற்றைக் குளிர்வித்துக் குளிர்வித்து, நொதித்தல் பன்னிரண்டு நாட்கள் நீடிக்குமாறு செய்தார். நொதித்தல் முடியும் முன்பே ஐந்து புதிய ஓக் பீப்பாய்களில் நிரப்பினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பகுதியைப் பழைய பெரிய மரத்தொட்டியில் வழக்கம்போல் வைத்தார். தொட்டியில் இருந்தது நல்ல மதுவாக வந்தது. பீப்பாயில் இருந்ததோ வேறொரு பிறவியாக வந்தது. அதற்கு அந்தப் பழைய கல்வீட்டின் பெயரையும், ஷிராஸ் திராட்சைக்குப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் குன்றின் பெயரையும் சேர்த்துக் 'கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்' என்று பெயர் வைத்தனர்.

வந்தது உத்தரவு

ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. ஆண்டுதோறும் மது செய்து அடுக்கினார், செலவு ஏறியது, விற்பனையோ இல்லை. 1956இல் சிட்னியில் இருந்த மேலிடத்தார், அதுவரை செய்தவை அனைத்தையும் கொண்டு வரச் சொல்லி, மது அறிந்த பெரியோரை அழைத்துச் சுவை பார்க்கச் செய்தனர். முடிவு பெரும் தோல்வி. இனிப்பில்லாத போர்ட் மது என்று ஒருவர் நகைத்தார். இதை எவனும் வாங்க மாட்டான் என்றும் சொன்னார். காட்டுப் பழங்களோடு எறும்பையும் நசுக்கிப் போட்டது போல இருக்கிறது என்றார் மற்றொருவர். குற்றம் அவர்கள் நாக்கில் இல்லை. முதிர்ந்தபின் அருந்த வேண்டியதை இளமையிலேயே அருந்தினர். மாங்காயைக் கடித்துவிட்டு மாம்பழம் இனிக்கவில்லை என்பது போல.

1957ஆம் ஆண்டு அறுவடைக்குச் சற்று முன்னர், கிரேஞ்ச் செய்வதை உடனே நிறுத்துமாறு தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்து மூலமான உத்தரவு வந்தது. வாய்மொழியாக வந்தால் "காதில் விழவில்லை" எனலாம். காகிதத்தில் வந்தால் என் செய்வது?

சிட்னிக்கும் அடிலெய்டுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு மைல். அந்தத் தூரம் ஷூபர்ட்டுக்குத் துணையாயிற்று. அடிலெய்டில் இருந்த துணைப் பொது நிர்வாகி ஜெப்ரி பென்போல்டு ஹைலண்டு நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் அறிந்தும் அறியாதவர் போல் இருந்தார். உண்மையில் உறுதுணையாக இருந்தார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மகில் தோட்டத்தில் கிரேஞ்ச் மறைவாகச் செய்யப்பட்டது. புதிய பீப்பாய் வாங்கினால் கணக்கில் வரும். கணக்கு சிட்னிக்குப் போகும். ஆகவே பழைய பீப்பாய்களையே பயன்படுத்தினர். அளவையும் குறைத்துக் கொண்டனர். அந்த மூன்றாண்டு மதுவும் புதிய ஓக்கின் பலம் குன்றியே வந்தது. ஆயினும் சங்கிலி அறவில்லை.

இதற்கிடையில் பழைய புட்டிகள் தம் வேலையைச் செய்து கொண்டிருந்தன. 1951, 1952, 1953ஆம் ஆண்டுகளின் மது நிலவறையில் கிடந்து கடுமை நீங்கிக் கனிந்தது. அவற்றை மீண்டும் சுவைத்தவர்கள் கருத்தை மாற்றிக் கொண்டனர். 1960ஆம் ஆண்டு அறுவடைக்கு முன்னர், முன்பு நிறுத்தச் சொன்ன அதே மேலிடம் மீண்டும் செய்யுமாறு உத்தரவிட்டது. 1962இல் சிட்னிப் போட்டியில் 1955ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் பொற்பதக்கம் பெற்றது. பின்னர் அந்த ஒரே ஆண்டு மது மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட பொற்பதக்கங்களைக் குவித்தது. ஷூபர்ட் 1975இல் ஓய்வு பெற்றார், 1994இல் மறைந்தார். 1990ஆம் ஆண்டுக் கிரேஞ்சை 1995இல் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' என்னும் அமெரிக்கப் பத்திரிகை அவ்வாண்டின் தலைசிறந்த மதுவெனத் தேர்ந்தது. பிரெஞ்சுக்காரருக்குரிய 'ஹெர்மிடேஜ்' என்னும் பெயரை ஒப்பந்தப்படி விட்டுவிட்டு, வெறும் 'கிரேஞ்ச்' என்று வெளிவந்த முதல் மதுவும் அதுவே. இரவல் பெயர் போயிற்று. வீட்டுப் பெயர் நின்றது.

உத்தரவும் மனச்சாட்சியும்

இனி, நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். ஷூபர்ட் செய்தது சரியா?

இரயில்வே ஊழியனாகிய எனக்கு இதற்கு எளிதில் "ஆம்" என்று சொல்ல நா எழவில்லை. லைன் கிளியர் இல்லாமல் வண்டியை விடும் ஸ்டேஷன் மாஸ்டரை எந்த மனச்சாட்சியும் காப்பாற்றாது. அங்கே உத்தரவு என்பது நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர். "எனக்குத் தெரியும்" என்று ஒவ்வொருவனும் விதியை மீறத் தொடங்கினால் தண்டவாளம் இரத்தத்தால் நனையும். ஆகவே ஷூபர்ட்டின் கதையைக் கேட்டுவிட்டு, "மேலதிகாரி சொல்வதைக் கேளாதவனே வெல்வான்" என்று பாடம் படிப்பது பேதைமை. கேளாமல் கெட்டவர்களைப் பற்றி எவரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்கள் தொகையே அதிகம்.

ஆனால் சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். அவர் மறைத்தது தம் பைக்காக அன்று. ஒரு புட்டியும் அவர் இலாபத்துக்குப் போகவில்லை. விளைந்தது கம்பெனியின் நிலவறையிலேயே கிடந்தது. அவருடைய பிடிவாதத்தால் எவர் உயிருக்கும் ஆபத்து இல்லை. தனியாகவும் செய்யவில்லை, பக்கத்திலிருந்த அதிகாரி ஒருவரின் நம்பிக்கையைப் பெற்றே செய்தார். தவறினால் வேலை போகும் என்பதை அறிந்திருந்தார். அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாகவும் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தம் தொழிலை அடிமட்டத்திலிருந்து அறிந்தவர். அறிவில்லாதவனின் பிடிவாதம் முரட்டுத்தனம். அறிந்தவனின் பிடிவாதம் வேறு.

மேலிடத்தாருக்கும் ஒரு பெருமை உண்டு. தாம் இட்ட உத்தரவைத் தாமே மாற்றிக் கொண்டனர். கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் அது பிரம்மா எழுதிய எழுத்து என்று எண்ணும் அதிகாரிகளை நாம் கண்டிருக்கிறோம். சொன்னதை மாற்றிக் கொள்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். ஜெப்ரியைப் போல, கீழே உள்ளவன் நல்லதைச் செய்யும்போது சற்றே முகத்தைத் திருப்பிக் கொள்வதற்கும் துணிவு வேண்டும். இம்மூவரில் எவர் ஒருவர் இல்லாவிடினும் இக்கதை நடந்திராது.

ஒரு புட்டியும் ஒரு கடிதமும்

அந்த மறைவுக் காலத்து மது ஒன்று பிற்காலத்தில் ஓர் அரசையே அசைத்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரதமராக இருந்தவர் பாரி ஓபேரல். அவர் பிறந்த ஆண்டு 1959. பதவியேற்ற 2011இல் அவருக்கு ஒருவர் 1959ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் புட்டி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். ஊழல் விசாரணையின்போது, அப்படி ஒன்று வந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று அவர் சாட்சியம் சொன்னார். மறுநாள், புட்டிக்கு நன்றி கூறி அவர் கைப்பட எழுதிய கடிதமே வெளிவந்தது. நினைவு பிசகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, 2014 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். பின்னர் 2020 முதல் 2023 வரை நம் நாட்டில் ஆஸ்திரேலிய ஹைகமிஷனராகவும் பணியாற்றினார். எழுதிய காகிதம் எத்தனை வலிமையுடையது என்பதைக் குமாஸ்தாக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ!

மகில் தோட்டமோ சுருங்கிவிட்டது. 1976இல் கம்பெனி பென்போல்டு குடும்பத்தின் கையைவிட்டு ஒரு பீர்க் கம்பெனியிடம் சென்றது. பின்னர் நிலத்தின் பெரும்பகுதி வீட்டு மனைகளாயிற்று. 500 ஏக்கரில் தொடங்கிய இடத்தில் எஞ்சியிருப்பது சுமார் 13 ஏக்கர். நாற்புறமும் அடிலெய்டு நகரத்து வீடுகள் சூழ, நடுவே கொடிகளும், நிலவறையும், மேரி குடியிருந்த அந்தக் கல்வீடும் நிற்கின்றன. 1951ஆம் ஆண்டு மது கடைக்கே வந்ததில்லை; தெரிந்தவர்களுக்கு இனாமாகக் கொடுத்துத் தீர்த்தனர். அதில் எஞ்சிய புட்டி ஒன்று பிற்காலத்தில் ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் விலைபோயிற்று. எவனும் வாங்க மாட்டான் என்று சொன்ன அதே சரக்கு!

நம் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களிற் பலர் நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில் கடைசி நாற்காலியில் அமரப் போகிறீர்கள். ஷூபர்ட்டுக்கு அந்த நாற்காலிகூட இல்லை. காகிதம் சுமந்த பதினாறு வயதில் அவர் எந்த உத்தரவையும் மீறவில்லை, வேலையைக் கற்றார். மீறும் நாள் வந்தபோது அவருக்கு வயது 42. இருபத்தாறு ஆண்டு அனுபவம் பின்னே நின்றது. இந்தக் கணக்கை மட்டும் நெஞ்சில் குறித்துக் கொள்ளுங்கள். மதுவை விட்டுவிடலாம், வரலாற்றை வைத்துக் கொள்ளலாம்.